உடைய வேண்டிய தகடு

யா பிராகோ ஒரு காரின் முன்மூடியைத் திறந்தால் முதல் ஐந்து நிமிடம் எதையும் தொடமாட்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னம்மா, கண்ணாலேயே ஏசியைக் குளிர வச்சிடுவியா?" என்று ஒருவர் கேட்டார். "நீங்க பேசாம இருந்தா வச்சிடுவேன்" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கானா நாட்டுக் குமாசி ஊரில் மேகசின் என்றால் வாரப் பத்திரிகை இல்லை. எந்தக் காலத்திலோ பட்டாளத்து வெடிமருந்துக் கிடங்கு இருந்த இடம். இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் கார்ப் பட்டறைகள். அதில் மூன்றாவது சந்தில், நீலத் தகரக் கூரையின் கீழ் பிராகோவின் பட்டறை. கார் ஏசி மட்டும்தான் பார்ப்பாள். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால் எதிர்ப்பட்டறையைக் கைகாட்டி விடுவாள்.

முன்பெல்லாம் ஏசி கம்ப்ரஸரின் முகப்பில் ஒரு கிளட்ச் இருக்கும். பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று பிடிக்கும். டக் கேட்டால் உயிர் இருக்கிறது, கேட்காவிட்டால் செத்துவிட்டது. மேகசினில் பாதிப் பேருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். பிறகு வந்த வண்டிகளில் கிளட்சே இல்லாமல் போயிற்று. சக்கரம் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். எவ்வளவு குளிர வேண்டும் என்பதைக் கம்ப்ரஸரின் முதுகில் இருக்கும் ஒரு சின்ன வால்வு பார்த்துக்கொள்ளும். அந்த வால்வுக்கு வண்டியின் கம்ப்யூட்டர் உத்தரவு போடும். இது தெரியாமல் நம் ஆட்கள் டக் கேட்கவில்லை என்று சொல்லி எத்தனை நல்ல கம்ப்ரஸர்களைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்! நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பிராகோ அப்படி எறியவில்லை. ஒரு வங்கி மேலாளரின் காரை மூன்று பட்டறைகளில் 'கம்ப்ரஸர் போச்சு' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் இரண்டு குழாய்களிலும் அழுத்தமானியை மாட்டினாள். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன, அழுத்தமே ஏறவில்லை. கையளவு மெஷினை வண்டியில் சொருகிப் படித்தாள். கம்ப்யூட்டர் வால்வுக்கு உத்தரவே போடவில்லை. ஏன் போடவில்லை? வாயுவின் அழுத்தத்தைச் சொல்லும் சென்ஸரிடமிருந்து தகவல் வரவில்லை. ஏன் வரவில்லை? சென்ஸருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. ஒயரை ஒட்டி டேப் சுற்றினாள், வேலை முடிந்தது. அதிலிருந்து மேகசினில் அவளுக்குப் பெயர் 'டாக்டரம்மா'. முகத்துக்கு நேரே சொன்னால் மட்டும் கோபித்துக்கொள்வாள்.

இரண்டு காரியங்களை அவள் அடியோடு வெறுத்தாள். ஒன்று 'டைரக்ட்'. கம்ப்யூட்டர் உத்தரவு போடவில்லையா, பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து வால்வில் சொருகி, நடுவில் ஒரு சுவிட்சை வைத்துவிடுவது. சோதனைக்கு இரண்டு நிமிடம் அவளே அப்படிக் கொடுத்துப் பார்ப்பாள். அதையே நிரந்தரமாக்கினால் கம்ப்ரஸர் கடிவாளம் இல்லாமல் முழு மூச்சில் ஓடி ஓடித் தேய்ந்து போகும். இன்னொன்று வெல்டிங். கிளட்ச் இல்லாத கம்ப்ரஸரின் முகப்பில், சக்கரத்தையும் தண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. உள்ளே ஏதாவது இறுகிவிட்டால் அந்தத் தகடு பட்டென்று உடையும். தண்டு நின்றுவிடும், சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். ஒரே பெல்ட்டில் ஸ்டியரிங் பம்பும் தண்ணீர் பம்பும் இருப்பதால், தகடு உடைந்தால்தான் மற்றவை பிழைக்கும். நம் பட்டறைகளில் என்ன செய்வார்கள்? உடைந்த தகட்டைப் பார்த்து, 'அட, இவ்வளவுதானா' என்று வெல்டிங் வைத்துவிடுவார்கள்.

"உடையறதுக்குன்னே செஞ்சதுய்யா அது! அதை ஒட்டவச்சா வேற எது உடையும்னு யோசிச்சீங்களா?" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். அவர்களும் தலையாட்டுவார்கள். மறுநாள் யாராவது வெல்டிங் வைப்பார்கள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. இருபத்தைந்தில் ஒரு கல்யாணம் ஆயிற்று. ஸ்பேனரைக் கீழே போடு என்றான் அவன். நான்கு வருடம் கேட்டுப் பார்த்துவிட்டு அவனே போய்விட்டான். அதன் பிறகு அவள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, எதிர்ப்பட்டறை டாச்சி அவள் சாப்பாட்டு நேரத்தைக் கெடுக்கத் தொடங்கும் வரைக்கும்.

டாச்சி எஞ்சின் மெக்கானிக். நாற்பத்துநான்கு வயது, மனைவி இறந்து ஆறு வருடம். இடதுகைக்காரன். இடது கையால் ஒரு பொருளை நீட்டுவது மரியாதை இல்லை என்பதால், எதைக் கொடுத்தாலும் "இடது கைக்கு மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு அது மூச்சு விடுவதைப் போல ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் சோளமாவு உருண்டையான கென்கியும் பொரித்த மீனும் வாங்கிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"பிராகோ, உன் மெஷினை என் மேல கொஞ்சம் மாட்டிப் பாரேன்."

"எதுக்கு?"

"எதிர்ப்பட்டறையைப் பாக்கறப்பல்லாம் நெஞ்சு சூடாகுது. என்ன கோளாறுன்னு தெரியல."

"ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாத்துக்கோ" என்றாள். சிரிப்பை அடக்க மிளகாய்ச் சாந்தை நிறைய தொட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வந்து மாட்டிக்கொண்டாள்.

அப்படி ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஓடியது. இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலையில் பட்டறையைத் திறக்க அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள், அவ்வளவுதான்.

கல்யாணம் என்றால் தாய்மாமன் வாய் திறக்க வேண்டும். பிராகோவின் மாமா சார்பொங்தான் குடும்பத் தலைவர். ஆஜானுபாகுவான மனிதர், மனசுக்குள் இருப்பதை லேசில் காட்டமாட்டார். முதல் மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போனதிலிருந்து யார் பெயரைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசியில் ஒருநாள், "சனிக்கிழமை அவன் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து கதவைத் தட்டச் சொல்லு. தெறக்கிறதா வேண்டாமான்னு அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றார். எங்களில் பெண் கேட்டுப் போவதற்கு அதுதான் பெயர், கதவு தட்டுவது. தட்டப் போகிறவர்கள் கொண்டுபோக வேண்டிய இரண்டு புட்டி ஜின்னை டாச்சி அன்றைக்கே வாங்கி வைத்துவிட்டான்.

அந்த வாரம் திங்கட்கிழமை மாமாவின் பெரிய வண்டியில் ஏசி நின்றுபோனது. டிரைவர் இசாக்கா வண்டியைப் பிராகோவிடம் கொண்டுவந்தான். வடக்கே டமாலேப் பக்கத்துக்காரன், ஏழு வருடமாக மாமாவிடம் இருக்கிறான். பிராகோ ஐந்து நிமிடம் பார்த்தாள். கம்ப்ரஸர் முகப்பில் தகடு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. தண்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் திருப்பினாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கரகரவென்று பிடித்தது. உள்ளே இருந்த எண்ணெயைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் விட்டாள். மினுமினுவென்று இரும்புத்தூள்.

"உள்ள தின்னுக்கிட்டிருக்கு இசாக்கா. தகடு உடைஞ்சு மத்ததைக் காப்பாத்தியிருக்கு. வேற கம்ப்ரஸர் அக்ராவுலருந்து வரணும், ஒரு வாரம் ஆகும். அது வரைக்கும் கண்ணாடியை இறக்கிட்டு ஓட்டு. வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"சரிக்கா. ஆனா ஐயாவுக்கு வெள்ளிக்கிழமை எஜுராவுல சாவுச் சடங்கு இருக்கு. அந்தக் கறுப்புத் துணியைச் சுத்திக்கிட்டு ஏசி இல்லாம வரமாட்டாரே."

"வியர்த்தா வியர்க்கட்டும்" என்றாள்.

புதன்கிழமை அவள் ஒபுவாசி சுரங்கத்து வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள். வியாழன் மத்தியானம் டாச்சி போன் செய்தான்.

"உங்க மாமா என் பட்டறைக்கு வந்திருக்காரு. ஏசி பண்ணித் தரணுமாம்."

"தொடாதே. கம்ப்ரஸர் செத்துடுச்சு."

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஓடினா போதும்ங்கறாரு. தகட்டுல மூணு பொட்டு வெல்டிங் வச்சா..."

"டாச்சி! வேண்டாம்னா வேண்டாம். வியர்வையில யாரும் செத்துப்போக மாட்டாங்க. மாமாகிட்ட போனைக் குடு, நான் சொல்றேன்."

"இல்ல, இல்ல, நானே சொல்லிக்கறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, எஜுராவிலிருந்து திரும்பும் வழியில், மம்போங் மலைச்சரிவின் வளைவில் மாமாவின் வண்டி திரும்பாமல் நேராகப் போய், சாலையோரம் நின்றிருந்த மரம் ஏற்றிய லாரி ஒன்றில் மோதியது. மாமா அங்கேயே போய்விட்டார். இசாக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

சனிக்கிழமை யாரும் கதவைத் தட்டவில்லை. வீடு முழுக்கச் சிவப்பும் கறுப்பும் உடுத்தின ஜனம். டாச்சி வந்தான். நாற்காலிகளைத் தூக்கிப் போட்டான், தண்ணீர்ப் பொட்டலம் விநியோகித்தான், கிழவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனான். "இந்த வீட்டு மாப்பிள்ளையா ஆகியிருக்க வேண்டியவன், பாவம்" என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். எல்லோர் வாயிலும் இன்னொரு பேச்சும் இருந்தது. டிரைவர் தூங்கிவிட்டான். ஸ்டியரிங் திடீரென்று கல்லாகிவிட்டது என்று இசாக்கா ஆஸ்பத்திரியில் போலீசிடம் சொன்னானாம். "தூங்கினவன் வேற என்ன சொல்லுவான்? அதுலயும் வடக்கத்தியான்" என்றார் சின்ன மாமா அம்போன்சா. எட்டாம் நாள் குடும்பம் கூடி என்ன சொல்கிறதோ அதை எழுதிக்கொள்ளப் போலீஸ் காத்திருந்தது.

புதன்கிழமை மாமாவின் செருப்பை எடுத்துவரப் பிராகோவை அனுப்பினார்கள். சடங்குக்கு அது வேண்டும். போலீஸ் முற்றத்தில் வண்டி நசுங்கிக் கிடந்தது. பின் இருக்கைக்கு அடியில் செருப்பு இருந்தது. எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். முன்மூடி பிளந்து கிடந்ததால் பழக்கதோஷம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

பெல்ட் இல்லை. எரிந்த ரப்பர்த்தூள் எல்லா இடத்திலும் கறுப்பாக அப்பியிருந்தது. கம்ப்ரஸர் முகப்பு சூட்டில் நீலமாகியிருந்தது. தண்டைத் திருப்பிப் பார்த்தாள், அசையவே இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு சிவப்பு ஒயர் நேராக வால்வுக்குப் போயிருந்தது. தகட்டில் மூன்று வெல்டிங். ஒவ்வொன்றின் வாலும் வலப்பக்கம் சாயாமல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை மேகசினில் ஒருவன் கைதான் போடும். டாச்சி ஒட்டிக் கொடுத்த தன் பட்டறைக் கூரைத் தூணில் தினமும் அவள் பார்க்கிற சாய்வு அது.

கம்ப்ரஸர் இறுகியிருக்கிறது. உடைய வேண்டிய தகடு உடையவில்லை, பெல்ட் எரிந்து அறுந்திருக்கிறது. அறுந்ததும் ஸ்டியரிங் பம்ப் நின்றிருக்கிறது, சரிவில், வளைவில், அவ்வளவு கனமான வண்டியில். இசாக்கா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. மாமாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

டாச்சி பட்டறையில் தனியாக இருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டான்.

"வேண்டாம்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"அப்புறம் ஏன்யா செஞ்சே?"

"எதிர்லயே நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு பிராகோ. 'என் மருமக உத்தரவு குடுக்காம நீ ஒரு ஆணி கூட அடிக்கமாட்டியோ'ன்னு சிரிச்சாரு. எல்லாப் பயலும் பாக்கறானுங்க. சனிக்கிழமை அவரு வீட்டுக் கதவைத் தட்டப் போறவன், என்னால முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"முடியாதுன்னு சொல்லியிருந்தா இன்னிக்கு அவரு இருப்பாரு."

"இசாக்கா தூங்கிட்டான்னுதான் நெனச்சேன்" என்றான். பிறகு, "அப்படி நெனச்சுக்கிட்டேன்" என்றான்.

அவன் அழுதான். அவளும் அழுதாள். "எட்டாம் நாள் எல்லாரும் வருவாங்க. என் வாயால நானே சொல்லிடறேன். அது வரைக்கும் விடு" என்று கேட்டான். சரி என்றாள். அந்த இரண்டு நாளும் அவனுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜெயில் என்றால் எத்தனை வருடம் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். எத்தனை ஆனாலும் காத்திருப்பது என்று முடிவும் செய்துவிட்டாள். அவன் எழுந்து நின்று சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்கு இருந்தது.

எட்டாம் நாள் பந்தலில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. பேச்சு டிரைவரிடம் வந்தபோது, சின்ன மாமா அம்போன்சா கூட்டத்தில் தேடி டாச்சியைக் கூப்பிட்டார். "தம்பி, முந்தின நாள் வண்டி உன் பட்டறைக்கு வந்துச்சாமே. அந்தப் பயலைப் பாத்தியா? எப்படி இருந்தான்?"

டாச்சி எழுந்தான். பிராகோ தலையைக் குனிந்துகொண்டாள், அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"பாத்தேன் ஐயா" என்றான். "கொட்டாவி விட்டுக்கிட்டுதான் இருந்தான்."

கூட்டம் முனகியது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

பிராகோவின் நெஞ்சு அப்போதுதான் உடைந்தது. மாமா செத்ததற்கு உடையவில்லை, வெல்டிங்கைப் பார்த்தபோதும் உடையவில்லை. ஒரு மனிதன் பயந்துபோய் ஒரு தப்பைச் செய்யலாம், அதை அவள் எப்படியோ செரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கால் தூக்கிக் கட்டிக் கிடக்கிறவன் தலையில் அதைக் கொண்டுபோய் வைத்ததை என்ன செய்ய முடியும்?

எழுந்தாள். "அவன் தூங்கல சின்ன மாமா" என்றாள். தகடு, ஒயர், பெல்ட், ஸ்டியரிங், எல்லாவற்றையும் வண்டிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வதைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். யார் செய்த வெல்டிங் என்று கேட்டார்கள். "டாச்சி" என்றாள். அந்தப் பெயரை அத்தனை பேர் முன்னால் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

கூட்டம் ஒரேயடியாகக் கூச்சலிட்டது. சின்ன மாமா கைத்தடியை அவள் பக்கம் நீட்டினார். "வண்டி மொதல்ல உங்கிட்டதானே வந்துச்சு? ரெண்டு பேரும் எதிரெதிர்ப் பட்டறை, ஊருக்கே தெரியும். நீ சொல்லிக் குடுக்காம ஏசி வேலை அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கண்ணனைச் சேர்ந்தே கொன்னுட்டு இப்ப நியாயம் பேசறியா?"

"ஆமா, ஆமா" என்றன நாலைந்து குரல்கள். பிராகோவுக்குச் சாட்சி சொல்ல அந்த ஊரில் ஒரே ஒருவன்தான் இருந்தான்.

டாச்சி மறுபடியும் எழுந்தான்.

"அவ வேண்டாம்னு சொன்னா. நான் போன் பண்ணிக் கேட்டேன், தொடாதேன்னா. ரெண்டு தடவை சொன்னா. நான்தான் செஞ்சேன். இசாக்கா கொட்டாவி விடல. அதுவும் நான் சொன்ன பொய்தான்." போனை எடுத்துச் சின்ன மாமாவிடம் நீட்டினான், எத்தனை மணிக்குப் பேசினான் என்று பார்த்துக்கொள்ள. "இடது கைக்கு மன்னிச்சுக்கோங்க" என்றான், அந்த நேரத்திலும்.

நாலு பெரியவர்கள் அவனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் மேல் அவளுக்கு இருந்த பிரியம் அப்படியே இருந்தது, அதுதான் கொடுமை. அவனுக்காகக் காத்திருப்பது என்ற முடிவை மட்டும் தேடிப் பார்த்தாள், அதைக் காணவில்லை.

மறுநாள் காலையில் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இசாக்காவின் கட்டிலருகில் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் முந்தின சாயங்காலமே போய்விட்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். இசாக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கடவுளுக்கு நன்றி சொன்னான், அவளுக்கும் சொன்னான்.

"எனக்கு நன்றி சொல்லாதே இசாக்கா."

"அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல, எவனும் நான் சொன்னதை நம்பல, அதான். திரும்பி வர்றப்ப வண்டிக்குள்ள ஒரே குளிர். குறைக்கவே முடியல. ஐயா துணியைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டுச் சிரிக்கறாரு. 'பாத்தியாடா இசாக்கா, இந்தப் பய கெட்டிக்காரன்தான். என் மருமகளைக் குளிர்ச்சியா வச்சுக்குவான். நாளைக்கு வந்து தட்டட்டும், மொத தட்டுலயே தெறந்துடறேன். அவகிட்ட இப்ப சொல்லிடாதே'ன்னாரு. அதுக்கு அப்புறம் ரெண்டு வளைவுதான்."

பிராகோ கையில் இருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டாச்சி அண்ணனை விசாரிக்க இங்க கூட்டிட்டு வருவாங்களாம். வந்தா இதைச் சொல்லட்டுமாக்கா? ஐயா அவரை எவ்வளவு ஒசத்தியாச் சொன்னாருன்னு?"

"வேண்டாம்" என்றாள். "கேட்டதுக்கெல்லாம் உண்மையைச் சொல்லு. இதை மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதே இசாக்கா. அவனால தாங்க முடியாது."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, வாயைப் பொத்திக்கொள்ளக்கூட மறந்து, நெடுநேரம் அழுதாள்.